கோச்சிங் உரையாடலில் உடலுக்கும் இடம் கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோச்சிங் என்று இங்கே சொல்வது டியூஷனையோ விளையாட்டுப் பயிற்சியையோ அல்ல. வேலையிலோ வாழ்க்கையிலோ ஒரு முடிவின் முன்னால் நிற்பவருடன் உட்கார்ந்து, அறிவுரை சொல்லாமல், கேள்வி கேட்டு, அவரே யோசித்துத் தெளிய இடம் கொடுக்கும் உரையாடலைத்தான் சொல்கிறேன். அதில் பல கோச்கள் வார்த்தைகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இலக்கு என்ன, தடை என்ன, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள். எதிரில் இருப்பவரின் குரல் பாதியில் இறங்கியது காதில் விழுந்தாலும், அதை என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், 'பாடி லாங்குவேஜ்' வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர்கள். கை கட்டினால் மனதை மூடிவிட்டார், மூக்கைத் தொட்டால் பொய் சொல்கிறார் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். என்னைக் கேட்டால் இது முதல் வகையைவிட மோசம். கிளையண்டின் உடலுக்கு அர்த்தம் சொல்வது கோச்சின் வேலை இல்லை. அவரே தன் உடலைக் கவனிக்கும்படி அழைப்பதுதான் வேலை. கண்ணில் பட்டதைச் சொல்ல நமக்கு அனுமதி உண்டு. அதற்குப் பொருள் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

இது ஏதோ மாற்று மருத்துவம் போன்ற ஓரச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு 2019-இல் திருத்தி வெளியிட்ட திறன் பட்டியலிலேயே, கிளையண்டின் உணர்ச்சிகளையும், உற்சாகம் ஏறி இறங்குவதையும், சொல்லில் வராத குறிப்புகளையும் கவனித்து, அவருடன் சேர்ந்து ஆராய்வது கோச்சின் வேலை என்று இருக்கிறது. எப்படி என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

படி 1: முதலில் உங்கள் உடல்

செஷன் தொடங்கும்போது நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். டிராஃபிக்கில் மாட்டி, லிஃப்ட்டுக்குக் காத்திருந்து, ஒரு நிமிடம் தாமதமாக உள்ளே நுழைந்து "சொல்லுங்க சார், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், அந்த வேகமே அவருக்கும் தொற்றிக்கொள்ளும். இரண்டு செஷன்களுக்கு நடுவே பத்து நிமிடமாவது இடைவெளி வையுங்கள். அதில் வாட்ஸ்அப் பார்க்காதீர்கள். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று பாருங்கள். முதுகு நாற்காலியில் எங்கே தொடுகிறது, தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்றுக் குறையும். இது உடலின் இயல்பான ஏற்பாடு. வெளிமூச்சை நீட்டினால் உடல் அமைதியாகும் பக்கம் சாய்கிறது. நான்கைந்து மூச்சு போதும்.

அறையும் முக்கியம். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள் என்று உட்கார்ந்தால் அது இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். அவருடைய பாதி உடலையும் மேஜை மறைத்துவிடும். இரண்டு நாற்காலிகளையும் சற்றுக் கோணமாகப் போடுங்கள். நேருக்கு நேர் பார்க்கவும் முடியும், பார்வையை விலக்கிக்கொண்டு யோசிக்கவும் இடம் இருக்கும். லேப்டாப்பை மூடி வையுங்கள்.

படி 2: முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்

உடலைப் பற்றிப் பேசுவது நம் ஊரில் கூச்சமான விஷயம். அதிலும் ஆண் கோச், பெண் கிளையண்ட் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அதனால் முதல் சந்திப்பிலேயே, மற்ற விதிமுறைகளைப் பேசும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

"பேசும்போது சில சமயம் உங்க குரல்லயோ மூச்சுலயோ ஏதாவது மாற்றம் எனக்குத் தெரிஞ்சா சொல்லட்டுமா? அதுக்கு ஒரு அர்த்தமும் நான் வைக்க மாட்டேன். உங்களுக்கு உபயோகமா இருந்தா எடுத்துக்கலாம், இல்லன்னா விட்டுடலாம். வேண்டாம்னு எப்ப வேணும்னாலும் சொல்லலாம்."

இவ்வளவு போதும். சிலர் "அதெல்லாம் வேண்டாம், பிராக்டிகலா பேசலாம்" என்பார்கள். அப்படியே செய்யுங்கள்.

தொடுவது கிடையாது. ஆறுதலுக்குத் தோளைத் தட்டுவதுகூட வேண்டாம். குரல், மூச்சு, வேகம், கை, தோள், முகம், உட்காரும் விதம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசுங்கள். உடல் எடை, உடை, அழகு பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. "நெஞ்சுல என்ன தோணுது?" என்று நீங்களாக ஒரு இடத்தைச் சுட்டாமல், "உடம்புல எங்கயாவது தெரியுதா?" என்று பொதுவாகக் கேளுங்கள். எங்கே என்று அவர் சொல்லட்டும்.

படி 3: அவருடைய இயல்பு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் எதையும் சுட்டிக்காட்ட வேண்டாம். சும்மா பாருங்கள். இவர் சாதாரணமாக எவ்வளவு வேகமாகப் பேசுகிறார், கை எங்கே இருக்கிறது, சிரிக்கும்போது கண்ணும் சிரிக்கிறதா, மூச்சு வயிற்றில் ஓடுகிறதா தோளில் ஓடுகிறதா. காலாட்டுவது சிலருக்கு நாள் முழுக்க இருக்கும் பழக்கம். அது செய்தி ஆகாது. இயல்பிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

பாடி லாங்குவேஜ் அகராதிகள் இங்கேதான் வழுக்கி விழுகின்றன. கை கட்டினால் எதிர்ப்பு என்பது அவற்றின் கணக்கு. நம் வீடுகளில் பெரியவர் முன்னால் கை கட்டி நிற்பது மரியாதை. வயதில் மூத்த கோச்சின் கண்ணைப் பார்க்காமல் பேசுகிற இளைஞர் எதையும் ஒளிக்கவில்லை, வளர்ந்த விதம் அப்படி. தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது இங்கே சம்மதம். சில நேரம் ஏசி குளிர்கிறது, அவ்வளவுதான். முகத்துக்கும் இதே கதைதான். 2019-இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மேன் பாரெட்டும் அவருடன் நான்கு ஆய்வாளர்களும் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளை அலசி, முகபாவத்தை மட்டும் வைத்து ஒருவர் என்ன உணர்கிறார் என்று நம்பகமாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். கோபத்தில் இருக்கும் எல்லோரும் முறைப்பதில்லை; முறைப்பவர் எல்லோரும் கோபத்தில் இல்லை.

பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும் ஒரு ஸ்லைடையும் இந்த இடத்தில் தூக்கிப் போட்டுவிடலாம்: "பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடலுக்கு 55." உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த சோதனைகளிலிருந்து பிய்த்து எடுத்த எண்கள் இவை. அங்கே ஒற்றை வார்த்தைகளை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்து, முகப் படங்களுடன் சேர்த்துக் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும் கணக்கு இல்லை என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். உங்கள் கிளையண்டின் வார்த்தைகள் 7 சதவீதம் இல்லை. அவற்றை முழுசாகக் கேளுங்கள்.

இன்னொன்று: தூக்கம், பசி, மாத்திரை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரின் தளர்ச்சிக்கு உளவியல் விளக்கம் தேட வேண்டாம். "நேத்து தூங்கினீங்களா? சாப்பிட்டீங்களா?" என்பது நல்ல முதல் கேள்வி.

படி 4: மாற்றம் நடக்கும் கணத்தைப் பிடியுங்கள்

எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் தெரியாது. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, மூச்சையும் குரலையும் மட்டும் பாருங்கள் என்பதுதான். முகத்தை நாம் ஓரளவு கட்டுப்படுத்தப் பழகியிருக்கிறோம். மீட்டிங்கில் சிரித்த முகமாக இருப்பது நம் எல்லோருக்கும் வரும். மூச்சைக் கட்டுப்படுத்தும் நினைப்பு பேசும்போது யாருக்கும் இருப்பதில்லை.

மூச்சில் பார்க்க வேண்டியவை சில. ஒரு பெயரையோ தேதியையோ சொல்வதற்கு முன் மூச்சு ஒரு கணம் நிற்கும். வாக்கியத்தின் நடுவில் காற்று தீர்ந்து, கடைசி வார்த்தை முணுமுணுப்பாக முடியும். நீண்ட பேச்சுக்குப் பிறகு தானாக ஒரு பெருமூச்சு வரும், அதோடு தோள் இறங்கும். அந்தப் பெருமூச்சுக்கு முன்னால் சொன்ன வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதில் ஏதாவது இருக்கும். குரலில், தொனி மெலிவது, திடீரென்று வேகம் கூடுவது, தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு விஷயம் வந்ததும் ஆபீஸ் இங்கிலீஷுக்குத் தாவுவது. கடைசியாகச் சொன்னது நம்மவர்களிடம் நிறைய நடக்கும். வலிக்கிற விஷயத்தை இங்கிலீஷில் சொன்னால் கொஞ்சம் தள்ளி வைத்துச் சொல்வது போல இருக்கும். அவர் மறுபடி தமிழுக்கு வரும் இடத்தையும் கவனியுங்கள்.

பழகப் பழக, கை கழுத்துக்குப் போவது, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்குவது, நாற்காலியில் பின்னால் சாய்வது எல்லாம் தானாகவே கண்ணில் படும்.

பிறகு, பேச்சிலேயே உடல் வரும். "வயித்துல புளியைக் கரைக்குது", "தொண்டையில ஏதோ அடைக்குது", "தலைக்கு மேல வெள்ளம்", "கை ஓடல, கால் ஓடல." இவற்றை வெறும் சொலவடை என்று தாண்டிப் போகாதீர்கள். "இப்பவும் வயித்துல அப்படி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்று சொன்னால் கதவு திறந்துவிட்டது.

படி 5: பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்

இதுதான் கையில் வர நாள் எடுக்கும் படி. "அப்பாவைப் பத்திப் பேசினதும் டென்ஷன் ஆயிட்டீங்க" என்பது தீர்ப்பு. "அப்பான்னு சொன்னப்போ குரல் இறங்கின மாதிரி எனக்குக் கேட்டுச்சு" என்பது தகவல். முதலாவதற்கு அவர் "இல்லயே" என்று தற்காத்துக்கொள்வார். இரண்டாவதைக் கேட்டால் ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்ப்பார்.

சொல்லும்போது மூன்று விஷயம் இருக்கட்டும். எந்த வார்த்தையின்போது என்பது, என்ன கண்ணில் பட்டது அல்லது காதில் விழுந்தது என்பது, அது எனக்குத் தெரிந்த விதம்தான் என்ற ஒப்புதல். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் மறுத்தால் நம்புங்கள். விவாதிக்க வேண்டாம். அது நிஜமாகவே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்; ஏதாவது இருந்தால் திரும்ப வரும்.

ஒரு செஷனுக்கு இரண்டு முறைக்கு மேல் இப்படிச் சொல்லாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் அவர் உங்களைக் கண்காணிப்பு கேமராவாக நினைக்கத் தொடங்குவார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்.

படி 6: உள்ளே பார்க்க அழைத்து, காத்திருங்கள்

யூஜின் ஜெண்ட்லின் என்ற தத்துவவாதி சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸுடன் வேலை செய்தவர். உளவியல் சிகிச்சை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, சிகிச்சையால் பலன் பெற்றவர்கள் பேசும் விதமே வேறாக இருப்பதை அவரும் சகாக்களும் கண்டார்கள். ஆரம்பச் சந்திப்புகளிலேயே அது தெரிந்தது. அவர்கள் சரளமாகப் பேசவில்லை. நடுவில் நிறுத்தி, தடுமாறி, "அது இல்ல... எப்படிச் சொல்றது... இங்க ஏதோ ஒண்ணு" என்று உள்ளே இருக்கும் தெளிவில்லாத ஓர் உணர்வைத் தொட்டுத் தொட்டு வார்த்தை தேடினார்கள். சரியான வார்த்தை கிடைத்ததும் உடலிலேயே ஓர் இறுக்கம் தளர்ந்தது. இதை யாரும் கற்றுக்கொள்ளலாம் என்று படிப்படியான ஒரு முறையாக்கி 1978-இல் புத்தகமாகவும் கொடுத்தார். கோச்சிங்கில் உடலைப் பற்றிப் பேசுபவர்கள் பலரும் எங்கோ ஓரிடத்தில் இவருக்குக் கடன்பட்டவர்கள்தான்.

சரி, நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஒரு மாதிரி உரையாடல். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒன்றில் புரொடக்ஷன் மேனேஜர், நாற்பதுகளில் இருப்பவர். புனே ஆலைக்குப் பதவி உயர்வுடன் மாற்றல் வந்திருக்கிறது.

"புனே போறதுல எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல மேடம். சம்பளம் நல்லா இருக்கு. பசங்களுக்கு ஸ்கூலும் விசாரிச்சாச்சு. அப்பாகிட்டதான் இன்னும் சொல்லல."

கை பின்கழுத்துக்குப் போகிறது.

"ஒரு நிமிஷம் சார். 'அப்பாகிட்ட சொல்லல'ன்னு சொன்னப்போ குரல் கொஞ்சம் இறங்கின மாதிரி எனக்குக் கேட்டுச்சு. கை கழுத்துக்குப் போச்சு."

"அதுவா... ஏசி காத்து நேரா கழுத்துல அடிக்குது."

"சரி, திருப்பி விட்டுடலாம்." கோச் எழுந்து ஏசியைத் திருப்பிவிட்டு வந்து உட்காருகிறார். பேச்சு புனே வீட்டு வாடகை, கம்பெனி கார் என்று போகிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி அப்பா வருகிறார். கை மறுபடி அதே இடத்துக்குப் போகிறது. இந்த முறை அவரே சிரித்துவிடுகிறார்.

"இப்ப ஏசி இல்ல மேடம்."

"அங்க என்ன இருக்குன்னு கொஞ்சம் பாக்கலாமா? அவசரம் இல்ல."

நீண்ட இடைவெளி. அவர் பார்வை தரையில்.

"பின்னாடி யாரோ நின்னு சட்டைக் காலரைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

"காலரைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி."

"ம்ம்." மறுபடி மௌனம். "ஆனா இழுக்கிறது அப்பா இல்ல. அவர்கிட்ட கேட்டா, தாராளமா போயிட்டு வாப்பான்னுதான் சொல்லுவார்... அதைக் கேக்கத்தான் பயமா இருக்கு மேடம். நான் இல்லாமயே அவருக்கு எல்லாம் ஓடிடும்னு தெரிஞ்சுடும்."

சொல்லி முடித்ததும் நீளமாக ஒரு மூச்சு விடுகிறார்.

"இப்ப கழுத்து எப்படி இருக்கு?"

"விட்டிருக்கு. கொஞ்சம்."

இதில் கோச் செய்தது மிகக் குறைவு. அவர் ஏசி என்றதும் ஏசியைத் திருப்பினார். 'காலர்' என்ற அவருடைய சொல்லை அப்படியே திருப்பிக் கொடுத்தார். 'அழுத்தம்' என்றோ 'பொறுப்பு' என்றோ மாற்றவில்லை. மௌனத்தைக் கலைக்கவில்லை. "வயசான அப்பாவை விட்டுட்டுப் போற குற்ற உணர்ச்சி" என்று யாராக இருந்தாலும் முதலில் ஊகித்திருப்பார்கள். அந்த ஊகத்தைச் சொல்லியிருந்தால், நாகரிகத்துக்காக அவரும் ஆமாம் என்றிருப்பார். விஷயம் வேறாக இருந்தது.

கேள்விகள் எளிமையாக இருக்கட்டும். எங்கே தெரிகிறது? எப்படி இருக்கிறது: கனமா, சூடா, இறுக்கமா, வெறுமையா? நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? 'ஏன்' என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்றதும் அவர் உடனே தலைக்கு ஏறிக் காரணம் சொல்லத் தொடங்குவார், உடல் விட்டுப்போகும்.

"ஒண்ணும் தெரியல" என்பவர்கள் நிறையப் பேர். உடலின் உள்ளே நடப்பதை உணரும் திறன் ஆளுக்கு ஆள் உண்மையாகவே வேறுபடுகிறது. தன் இதயத் துடிப்பைத் தொடாமல் எண்ணச் சொல்லும் சோதனைகளில் இது தெளிவாகத் தெரிகிறது. அவர்களை வற்புறுத்தாமல் வெளியிலிருந்து தொடங்குங்கள். பாதம் தரையில் படுவது தெரிகிறதா? முதுகு நாற்காலியில் சாய்ந்திருப்பது? கையில் இருக்கும் டம்ளரின் சூடு? சில வாரங்களில் பலருக்கு உள்ளேயும் தெரியத் தொடங்கும். தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது, வார்த்தையிலேயே வேலை செய்யலாம்.

உணர்ச்சிகள் உடலில் எங்கே தெரிகின்றன என்பதில் பொதுவான ஒரு வரைபடமும் உண்டு. ஃபின்லாந்து ஆய்வாளர் லௌரி நும்மென்மா குழுவினர் 2014-இல் ஃபின்லாந்து, ஸ்வீடன், தைவானைச் சேர்ந்த சுமார் 700 பேரிடம் வெற்று உடல் உருவங்களைக் கொடுத்து, ஒவ்வோர் உணர்ச்சியின்போதும் எந்த இடம் விழித்துக்கொள்கிறது, எந்த இடம் மந்தமாகிறது என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். கோபத்துக்கு மேலுடலும் கைகளும், சோகத்துக்குக் கைகால்கள் மங்குவது, மகிழ்ச்சிக்கு உடல் முழுக்க என்று ஐரோப்பியர்களும் தைவானியர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி தீட்டினார்கள். சுவாரஸ்யமான ஆய்வு. ஆனால் இது சராசரி. உங்கள் எதிரில் இருப்பவர் சராசரி இல்லை. அவர் கழுத்தில் காலர் இழுக்கிறது.

படி 7: முடிவெடுக்கும்போது உடலையும் கலந்துகொள்ளுங்கள், அதனிடமே விட்டுவிடாதீர்கள்

நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ, அமெரிக்காவின் அயோவாவில் தான் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். முன்மூளையின் ஒரு பகுதி சேதமடைந்தவர்; புத்திசாலித்தனத்தில் குறை இல்லை. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் டமாசியோ. அந்த மனிதர் ஏறக்குறைய அரைமணி நேரம், மற்ற வேலைகள், வானிலை என்று இரண்டு தேதிகளுக்கும் சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் டமாசியோவே ஒரு தேதியைச் சொன்னதும், சரி என்று கிளம்பிவிட்டார். தர்க்கம் வேலை செய்தது. 'இது போதும், இதுதான்' என்று உள்ளிருந்து வரும் உந்துதல் வரவில்லை. முடிவெடுக்க உடலின் குறிப்புகள் தேவை என்ற அவருடைய கருதுகோள் இத்தகைய நோயாளிகளைப் பார்த்ததில் பிறந்தது. 1994-இல் அதைப் புத்தகமாக எழுதினார். கருதுகோளின் விவரங்களில் இன்றும் விவாதம் உண்டு.

கோச்சிங்கில் இதைப் பயன்படுத்துவது எளிது. கிளையண்ட் இரண்டு வழிகளுக்கு நடுவே அல்லாடும்போது, முதல் வழியை முடிவாக எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "ஆறு மாசம் ஆச்சு, புனேல இருக்கீங்க. திங்கட்கிழமை காலைல எட்டு மணி. எங்க உக்காந்திருக்கீங்க?" என்று ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் கொண்டுபோங்கள். அங்கே உடல் எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும். எழுந்து ஒரு சுற்று நடந்து, அடுத்த வழிக்கும் அதேபோல. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடாவிட்டால் முதலாவதன் மிச்சம் இரண்டாவதில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வயிற்றில் வரும் பிசைவு, 'இது தப்பு, போகாதே' என்பதாக இருக்கலாம். 'இது புதுசு' என்பதாகவும் இருக்கலாம். முதன்முதலாக மேடை ஏறுபவருக்கும் ஆபத்தில் இருப்பவருக்கும் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். சின்ன வயதில் அடிபட்ட அனுபவமும், சாதியாலோ நிறத்தாலோ மொழியாலோ ஒதுக்கப்பட்ட நினைவும் உடலில் தங்கியிருக்கும். அவையும் இதே குரலில்தான் பேசும். 'உள்ளுணர்வு சொன்னது' என்ற ஒரே காரணத்தை வைத்து ஆள் எடுப்பவர்கள், தங்களைப் போலவே இருப்பவரைத்தான் மறுபடி மறுபடி எடுப்பார்கள். அதனால் உடல் சொன்னதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "இதே மாதிரி முன்னாடி எப்ப தோணிச்சு? அப்ப என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். சம்பளக் கணக்கும், மனைவியின் வேலையும், அப்பாவின் மருத்துவரும் மேஜையில் அப்படியே இருக்கட்டும்.

படி 8: எழுந்து நில்லுங்கள், நடங்கள், சொல்லிப் பாருங்கள்

பேச்சு ஒரே இடத்தில் சுற்றினால், "கொஞ்சம் நடந்துட்டே பேசலாமா?" என்று கேளுங்கள். ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒப்பெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்தவர்களுக்கு உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகப் புது யோசனைகள் வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தபோதும் அப்படித்தான். ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் சோதனையில் நடப்பது உதவவில்லை, சற்றுக் குறைத்தது. எனவே வழிகளைத் தேடும்போது நடங்கள், தேர்ந்தெடுக்க உட்காருங்கள்.

கடினமான பேச்சுக்குத் தயாராகும்போது, என்ன சொல்லப் போகிறார் என்று விவரிக்க விடாதீர்கள். எழுந்து நின்று அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். "என்னால இந்த டெட்லைனுக்கு முடியாது சார்." முதல் தடவை பெரும்பாலும் 'சார்' பெரிதாகவும் 'முடியாது' சின்னதாகவும் வரும். பாதத்தைத் தரையில் ஊன்றி, மூச்சு விட்டு, மறுபடி. நாலைந்து தடவையில் குரல் தானாக ஓர் இடத்தில் நிற்கும்.

மீட்டிங்குக்கு முன் இரண்டு நிமிடம் கையை அகல விரித்து நின்றால் ஹார்மோனே மாறும் என்ற அறிவுரையை மட்டும் தராதீர்கள். 2010-இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு அப்படிச் சொன்னது. 2015-இல் 200 பேரிடம் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னியே அந்த விளைவை இனி நம்பவில்லை என்று 2016-இல் அறிவித்தார்.

படி 9: ஆன்லைனிலும் போனிலும்

திரையில் தெரிவது தோளுக்கு மேல்தான். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வீடியோ சந்திப்புகள் ஏன் களைப்பூட்டுகின்றன என்பதற்கு நான்கு காரணங்கள் சொன்னார்: முகங்கள் மிக அருகில் முறைத்தபடி இருப்பது, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் கட்டுண்டு கிடப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதலாக உழைப்பது. மருந்தும் அதிலேயே இருக்கிறது. தன் படம் தனக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்ளும் வசதியை இருவருமே பயன்படுத்துங்கள். கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் கையும் தெரியும். நடுவில் எழுந்து நிற்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நெட் இழுத்தால் தயங்காமல் போனுக்கு மாறுங்கள். காதில் ஹெட்போனுடன் கேட்கும்போது மூச்சும் குரலும் திரையில் பார்ப்பதைவிடத் தெளிவாகக் கிடைக்கும். மௌனம் வந்தால் மட்டும் "இருக்கேன், மெதுவா யோசிங்க" என்று ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்துவிடுவார்.

படி 10: எங்கே நிறுத்த வேண்டும்

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்று கிளையண்ட் சொன்னால் அங்கே கோச்சிங் முடிந்தது. "அந்த வலி என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். நாள்பட்ட தலைவலி, தூக்கமின்மை, காரணம் தெரியாத எடைக் குறைவு என்று வந்தால் டாக்டரைப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள்.

உள்ளே கவனிக்கச் சொன்னதும் படபடப்பு ஏறிக்கொண்டே போனாலோ, பார்வை எங்கோ நிலைகுத்தி, குரல் மரத்து, அறையிலேயே இல்லாதது போல் ஆனாலோ உடனே வெளியே கொண்டுவாருங்கள். கண்ணைத் திறந்து அறையில் உள்ள பொருட்களைப் பெயர் சொல்லட்டும், தண்ணீர் குடிக்கட்டும், எழுந்து ஜன்னலருகே போகட்டும். பழைய வன்முறையோ இழப்போ மேலே வந்தால் அதைத் தோண்டுவது நம் வேலை இல்லை. நமக்கு அதற்கான பயிற்சியும் இல்லை. மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போகச் சொல்லுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐத் தமிழிலேயே பேசப் பயன்படுத்தலாம். எண்ணை முன்பே எழுதி வைத்திருங்கள்; அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பழகுவது எப்படி

மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் தன் உண்மையான ஒரு சின்னப் பிரச்சினையைப் பேசட்டும், ஒருவர் கோச், மூன்றாமவர் வாயே திறக்காமல் பார்த்து எழுதட்டும். எழுதுபவர் நேரத்தையும், அப்போது சொன்ன வார்த்தையையும், கண்ணில் பட்டதையும் மட்டும் குறிக்க வேண்டும். முடிந்ததும் மூவரும் அந்தத் தாளைப் பார்த்து, 'பதற்றம்', 'தயக்கம்', 'சங்கடம்' போன்ற சொற்களை எல்லாம் அடித்துவிட்டு, அந்த இடத்தில் என்ன பார்த்தோம் என்று எழுதுங்கள். 'பதற்றமானார்' என்பது 'பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்' என்று மாறும். பேசியவரிடம் அந்த வரியைப் படித்துக் காட்டி, அப்போது உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். உங்கள் ஊகத்தை அதற்கு முன்பே தனியாக எழுதி மடித்து வைத்திருங்கள். அவர் சொன்ன பிறகு பிரித்துப் பாருங்கள். எத்தனை தடவை ஊகம் தப்பாகப் போகிறது என்று பார்த்துவிட்டவர்கள், அதற்குப் பிறகு யார் உடலுக்கும் அவசரப்பட்டு அர்த்தம் சொல்வதில்லை.